மூன்றை அழுத்தினால்

என் பெண்டாட்டி அம்சவள்ளிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பட்டன் போனில் மூன்றை அழுத்திப் பிடித்தால் புருஷன் பேசுவான் என்று தெரியும். இரண்டே வருஷத்தில் அந்தப் போனின் பேட்டரி உப்பிப்போனது. கள்ளக்குறிச்சி கடைக்காரர் சிரித்தார்.

"ரெண்டு வருசமா? அந்த மாடலே இப்ப இல்லண்ணே. பேட்டரிக்கு எங்க போறது?"

வீம்புக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தேன். முகப்பில் என் போட்டோவை வைத்து, "இதத் தொட்டா போதும்" என்றேன். அதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அன்று வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டைகளோடு கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டிக்கு இறங்கியிருந்தேன். நாலு வயது மகள் ரம்யாவுக்குக் காய்ச்சல். முன்பே ஒருமுறை காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளை. "சூடு ஜாஸ்தியானா ஒடனே போன் போடு" என்று சொல்லியிருந்தேன். பதினோரு மணிவரை போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆறு தடவை. மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மலைக்கு அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தானாம். கடைக்காரரை, போனை, என்னை, எல்லோரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி அடித்தேன்.

பதினாலாவது தடவை யாரோ ஒரு பெண் எடுத்தார்.

"ஆஸ்பத்திரி நர்ஸ் பேசறேங்க. கொழந்த இப்ப நல்லாருக்கு. இருங்க, அம்மாகிட்ட தர்றேன்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

"ஏன்டி போன எடுக்கல?"

"ஈரத்துணி போட்டுக்கினே இருந்தேன்யா. கையெல்லாம் தண்ணி. இழுத்து இழுத்துப் பாத்தேன், நவுரல. உன் போட்டோவ அழுத்திப் புடிச்சேன், அதுவும் காணாம பூட்ச்சி. அதுக்குள்ள புள்ளைக்கு வலிப்பு வந்துட்ச்சி." அழுதாள். "பக்கத்து வூட்டு கமலா கொல்லைக்குப் போயிருந்தா. அவ பட்டன் போனு சார்ஜ்ல கெடந்துது. எடுத்து மூணை அழுத்துனேன். 'புள்ளைக்கு வலிப்புய்யா, ஓடியா'ன்னு கத்திட்டு வெச்சிட்டேன். நீதான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"கமலாவோட அண்ணன் பகலவன் வண்டிய எடுத்துக்கினு வந்து நின்னாரு. அவருதான் இங்க கூட்டியாந்தாரு."

கமலா போனில் மூன்று அவளுடைய அண்ணன். யார் பிள்ளை என்றுகூடக் கேட்காமல் அந்த மனுஷர் ஓடிவந்திருக்கிறார். நான் இன்னும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.