முழுகாதவளுக்குப் பொன்னாடை

சுகுமாறனுக்கு மனிதர்களைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் மனிதர்கள்தான். தஞ்சோங் காராங் பக்கம் கல்யாண வீடோ கருமாதி வீடோ, எங்கே போனாலும் "என்னப்பா, வீட்ல ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பார்கள். அவனுக்கும் கங்காவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. வாய் கூசாமல் கேட்கிற இந்த ஜென்மங்களே இல்லாவிட்டால் பூமி எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை ஓட்டிக்கொண்டே பல தடவை நினைத்திருக்கிறான்.

அதையே ஒருவர் மைக் பிடித்துச் சொன்னால் கேட்கவா வேண்டும்? கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் 'பூமி முதல் இயக்கம்' ஒரு கூட்டம் போட்டது. அதன் தலைவர் திருச்செல்வம், "மனிதன் இந்தப் பூமிக்கு வந்த சொறி. பிள்ளை பெறாதவர்களே பூமியின் மெய்யான பிள்ளைகள்" என்றார். சுகுமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் குறை என்று சொன்னதை ஒரு மனிதர் தியாகம் என்கிறாரே. அன்றைக்கே சேர்ந்துவிட்டான். திருச்செல்வத்துக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆஸ்திரேலியாவில். கேட்டால், "அதெல்லாம் நான் விழிப்படைவதற்கு முன்னால்" என்பார்.

சேர்ந்த புதிதில் சுகுமாறனுக்குத் தலைகால் புரியவில்லை. மின்விசிறியைக் கழற்றினான். ஐஸ்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அதற்குள் சட்டைகளை மடித்து வைத்தான். கொசு கடித்தால் அடிக்கக் கூடாது என்றான். புக்கிட் மெலாவாத்திக் குன்றில் ஒரு குரங்கு அவன் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியபோது, இடத்துக்குச் சொந்தக்காரர் வாடகை வாங்கிக்கொண்டார் என்று கும்பிட்டுவிட்டு வந்தான். கங்கா சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் இருப்பவள். பகலெல்லாம் ஏர்கோனில் இருந்துவிட்டு வருவதால் வீட்டுப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டாள். மனுஷன் இப்போதாவது தலைநிமிர்ந்து நடக்கிறானே என்று அவளுக்கு ஒரு திருப்தி.

இந்த லட்சணத்தில்தான் கங்கா கர்ப்பமானாள்.

சேதி கேட்டதும் சுகுமாறன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சந்தோஷ அழுகைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போதே பயம் பிடித்துக்கொண்டது. அவன் தலைநிமிர்ந்து நின்ற ஒரே இடம் அந்த இயக்கம்தான். அங்கே போய் இதை எந்த மூஞ்சியோடு சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று நாலாம் மாதம் வரை ஓட்டிவிட்டான். கங்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"புள்ள இல்லன்னு கேட்டப்பயும் தலைய குனிஞ்சீங்க. இப்ப புள்ள வருதுன்னும் குனிஞ்சா, எப்பதாங்க நிமுர்றது? அடுத்த கூட்டத்துல உங்க வாயால சொல்லிட்டு வாங்க. இல்லன்னா நான் சுங்கை ஆயர் தாவார்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். வெக்கப்படுற அப்பன் என் புள்ளைக்கு வேணாம்."

கங்கா சொன்னால் செய்கிறவள். சுகுமாறனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அன்றைய கூட்டத்தில் தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேச்சு. ஒருவர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குளிப்பதாகச் சொல்லி மெச்சப்பட்டார். அவர் உட்கார்ந்ததும் சுகுமாறன் எழுந்தான்.

"சார், நம்ம வீட்ல... கங்கா முழுகாம இருக்கா."

செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். திருச்செல்வமோ பெட்டாலிங் ஜெயா நகரத்தில் ஆங்கிலத்திலேயே வளர்ந்து, தலை நரைத்த பிறகு வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர்.

"எத்தனை நாளாக?" என்றார்.

"நாளு இல்ல சார். நாலு மாசமா."

குளியல் பேச்சின் சூட்டிலேயே இருந்த எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு திருச்செல்வம் எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்களும் எழுந்தார்கள். பக்கத்தில் இருந்த பவனேஷ், கணினிக் கடை வைத்திருப்பவன், சுகுமாறனின் காதில் சொன்னான்: "ரெஸ்பெக்ட் லா, அண்ணே. நாலு மாசம் குளிக்காம இருக்கறதுன்னா சும்மாவா?"

அப்போதுதான் சுகுமாறனுக்கு உறைத்தது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தான். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்காக யாரும் இப்படிக் கைதட்டியதில்லை. பாவி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கங்கா கேட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"கைதட்டுனாங்க."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கங்கா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கேசரி கிண்டினாள்.

அடுத்த ஞாயிறு, கார் வேண்டாம் என்கிற இயக்கத்தார் ஐந்து பேர் ஐந்து காரில் வந்து இறங்கினார்கள். கையில் பொன்னாடை, 'நீர்க்காவலி' என்று பொறித்த கேடயம். சொல்லாமல் கொள்ளாமல் வந்ததால் சுகுமாறனுக்குத் தடுக்கவும் வழியில்லை. நாலு பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிக்கேட்டோடு நின்றுவிட்டார்கள். திருச்செல்வம் மட்டும் துணிந்து உள்ளே வந்தார். கங்காவிடம் சந்தன சோப்பு வாசம் அடித்தது. "பார்த்தீர்களா, உடம்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது" என்று சுகுமாறனிடம் முணுமுணுத்தார்.

பிள்ளையை வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று கங்காவுக்குப் பூரிப்பு.

"இந்த நிலையில் உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா?" என்றார் திருச்செல்வம்.

"காலையில கொமட்டுது சார். எந்த வாடையும் ஒத்துக்கல."

"ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். கணவர் பொறுத்துக்கொள்கிறாரா?"

"அவருக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான். வெளிய காட்டிக்க மாட்டாரு."

"இன்னும் எத்தனை காலம் இப்படியே இருக்க உத்தேசம்?"

"இன்னும் அஞ்சு மாசம். கிளினிக்ல டேட்டு குடுத்துட்டாங்க."

பொன்னாடையை விரித்த கை அப்படியே நின்றது. திருச்செல்வம் அப்போதுதான் அவள் வயிற்றைப் பார்த்தார்.

"சுகுமாறன், இது என்ன?"

"கொழந்த சார்."

கங்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அன்னிக்கே சொன்னாரே. நீங்கள்லாம் கைதட்டுனீங்களாமே." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "எதுக்குங்க கைதட்டுனாங்க?"

சுகுமாறன் தரையைப் பார்த்தான். "நீ நாலு மாசமா குளிக்கலன்னு."

கங்கா அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தமும் பையின் ஜிப்பை இழுக்கிற சத்தமும் கேட்டன.

திருச்செல்வம் சுகுமாறனின் தோளில் கை வைத்தார். இரக்கத்தோடுதான் வைத்தார். "கலங்காதீர்கள். எனக்கே மூன்று முறை நேர்ந்திருக்கிறது. இது ஒரு விபத்து என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இயக்கம் மன்னித்துவிடும்."

சுகுமாறன் அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"விபத்தா சார்? பத்துமலைக் கோயில் படி அத்தனையும் முட்டி போட்டு ஏறுனவன் நானு. ஊசி போட்டுப் போட்டு அவ வயிறெல்லாம் கன்னிப்போச்சு. இந்தப் புள்ள விபத்து இல்ல. கேக்குறவன் வாய அடைக்க முடியாம உங்ககிட்ட வந்து சேந்தேன் பாருங்க, அதான் சார் எக்சிடன்."

அறையில் சத்தம் நின்றது. உள்ளிருந்தே கங்காவின் குரல் வந்தது.

"வெளிய நிக்கிறவங்களுக்கும் சொல்லுங்க. புரியுற மாதிரி சொல்லுங்க."

சுகுமாறன் வெளிக்கேட்டுக்குப் போனான். மூக்கைப் பொத்தியவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலியோரம் வந்து நின்றிருந்தார்கள். வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவருக்கும் தப்பாகப் புரியாத ஒரு சொல்லை அவன் தேடி எடுத்தான்.

"என் பொண்டாட்டி புள்ளத்தாச்சி," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். "நான்தான் அப்பன்."