ஞானசிகாமணியின் சம்மதம்

இறந்து எழுபது வருஷம் கழித்து, அல்லிநகரத்துப் பழம்பொருள் ஏலக்கூடத்தில், தன்னைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கச் சம்மதமில்லை என்று போடி ஏலக்காய் வியாபாரி ஞானசிகாமணி தலையாட்டி மறுத்தார். அன்று ஏலக்காய் சராசரி விலை கிலோ இரண்டாயிரத்து நானூறு. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு கொஞ்சம் இறங்கியிருந்தது. படம் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தது, ஈட்டி மரச் சட்டம். கருப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கடையைத் தாமதமாகத் திறக்க வந்தவனைப் பார்க்கிற பார்வை. தவறு அவருடையது அல்ல, ஏலம் விடுகிற ஜான் பீட்டருடையது. ஜான் பீட்டர் அதற்கு முன்பு பாதி ஆயுசை போடி ஏலக்காய் ஏலத்தில் கழித்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஏலக் கேள்வி நின்றதும் மூன்றாம் தரம் சொல்வதற்கு முன்னால் சரக்குக்கு உடையவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விலை பிடிக்காவிட்டால் அவர் தலையை ஆட்டிவிட்டுச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். அந்தப் பழக்கதோஷத்தில், முன்வரிசையில் இருந்த கொள்ளுப்பேத்தி ஜெபஷீலாவைக் கேட்க வேண்டியவர், அவளைவிடத் தோரணையாக உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்து, "சம்மதமாய்யா?" என்று கேட்டுத் தொலைத்தார். கேட்காமல் விட்டிருந்தால் சுவர்க் கடிகாரமும் கிராமபோன் பெட்டியும் போன மாதிரி அவரும் பேசாமல் போயிருப்பார்.

கூடத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டுவிடவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வியாபாரிகள். உடையவர் மறுப்பது அவர்களுக்குப் புதிதில்லை. "வெலை பத்தல போல" என்றார் ஒருவர். கேள்வி இருபத்தைந்தாயிரத்துக்கு ஏறியது, நாற்பதுக்கு ஏறியது. ஒரு கமிஷன் கடைக்காரர் எழுந்து வந்து, காய் உரிக்கிற பழக்கத்தில் படத்தின் மூலையை நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்து, நல்ல முதல் ரகம் என்று சான்று சொன்னார். உண்மையிலேயே ஏலக்காய் வாசம்தான் வந்தது. கொச்சியிலிருந்து வந்த ஓட்டல்காரர் தன் வரவேற்பறையில் மாட்ட ஒரு லட்சம் வரை போனார். ஞானசிகாமணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டத்துக்குள்ளே இருந்தபடியே தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார், அவ்வளவுதான்.

இதனால் தலையில் இடி விழுந்தது ஜெபஷீலாவுக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, அப்பா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு வந்தவள். ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அந்த வீட்டில் யாருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை என்பது சரி. அப்பாவைத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார் ஆரோக்கியசெல்வம். ராயப்பன்பட்டிக்காரர், திராட்சைத் தோட்டம், மனைவியை இழந்தவர். ஒரே பிளாஸ்க்கில் இரண்டு குடும்பத்துக்கும் காபி வாங்கி வந்தார்கள். இரண்டு அப்பாக்களும் போய்ச் சேர்ந்த பிறகும் காபி நிற்கவில்லை, பேச்சு கல்யாணம் வரை வந்தது. வீட்டை விற்றுவிடலாம் என்று கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணன் விஜய்ராஜ் சொன்னபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் கண்ணை மூடுவதற்கு முன்னால் அப்பா அவள் கையைப் பிடித்து, "பூட்டனைத் தனியா விட்டுட்டுப் போயிராத ஆத்தா" என்று சொல்லி வாங்கிய சத்தியம் ஒன்று நடுவில் நின்றது. அவரை நல்ல கையில் ஒப்படைக்காமல் அவளால் வாசற்படி தாண்ட முடியாது.

கூடவே கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஞானசிகாமணி அந்தக் காலத்தில் போடிப் புராட்டஸ்டண்ட் சபையின் தூண். அவருடைய ஒரே தங்கை பாக்கியம், ராயப்பன்பட்டியில் ஒரு ஆர்.சி. கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். கம்பத்துக்குப் போகிற பஸ் அந்த ஊர் பிரியும் விலக்கில் நின்றால், ஜன்னலைச் சாத்திக்கொள்வாராம். தங்கை செத்த சேதி வந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாரே தவிர, எழுந்து போகவில்லை. அப்பேர்ப்பட்டவரை அதே ஊருக்கு, அதே மாதிரிக் கல்யாணத்துக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது? ஜெபஷீலா படத்தை எத்தனையோ தடவை தூசு தட்டினாள், எத்தனையோ தடவை திட்டினாள், அந்த ஒரு பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

மாதாமாதம் ஏலம். மாதாமாதம் அவள் சட்டத்தைப் போர்வையில் சுற்றி, போடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் தன் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவருவாள். ஆட்டோக்காரர் இரண்டு ஆள் காசு வாங்குவார், அதில் நியாயம் இருந்தது. சென்னைக் கலைப்பொருள் வியாபாரி, மூணாறு எஸ்டேட் முதலாளி, ஓட்டுச் சேகரிக்கத் தாத்தா படம் இல்லாத ஒரு கட்சிக்காரர் என்று எல்லாரையும் பூட்டன் மறுத்தார். வீடு வாங்கியவர்கள் சாவியைக் கேட்டு நெருக்கினார்கள். ஆரோக்கியசெல்வம் ஒரு வார்த்தை நெருக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் காலி வீட்டில் படத்துக்கு எதிரே நின்று, ஊர்ப் பேச்சை விட்டு மற்றதை மனசு விட்டே சொல்லிவிட்டாள்: "எங்க அப்பாவையும் பாத்தேன், ஒங்களையும் பாத்தேன். என்னையப் பாக்க ஒரு மனுசன் வந்திருக்காரு தாத்தா. போக விடுங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அவர் எப்போதும்போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைகாசி ஏலத்துக்கு ஆரோக்கியசெல்வமும் வந்தார். அவளைத் திரும்ப வீட்டில் விடுவதற்காகத்தான் வந்தார். கடைசி வரிசையில், திராட்சைக் கறை போகாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அன்று கேட்க ஆளே இல்லை. ஞானசிகாமணியின் குணம் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்துவிட்டதால் எவரும் கை தூக்கவில்லை. ஜான் பீட்டர் பரிதாபமாகச் சுற்றிப் பார்த்தார். ஜெபஷீலா தலை குனிந்திருந்தாள். அவள் தோள் நடுங்குவது பின்னாலிருந்து தெரிந்ததும் ஆரோக்கியசெல்வம் யோசிக்காமல் எழுந்துவிட்டார்.

"எங்கிட்ட இப்ப ரெண்டாயிரந்தேன் இருக்கு. நான் கேக்குறேன்."

கூடம் சிரித்தது. ஜான் பீட்டர் சிரிக்கவில்லை. கேள்வி என்றால் கேள்விதான். ஒரு தரம், இரண்டு தரம் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கிப் படத்தின் முன்னால் போய் நின்றார்.

"அய்யா, மறைச்சு விக்கிறது நம்ம தொழில்ல கெடையாது. கேக்குறவுக ராயப்பன்பட்டிக்காரவுக. ஆர்.சி. நம்ம டீச்சரக் கட்டிக்கப் போறாகன்னு நெனைக்கேன். ரெண்டும் சேத்துத்தேன் கேக்குறேன். சம்மதமா?"

ஞானசிகாமணி முதலில் ஆரோக்கியசெல்வத்தின் செருப்பைப் பார்த்தார், பிறகு சட்டைக் கறையைப் பார்த்தார், முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேலும் கீழுமாக ஒரு தடவை தலையசைத்தார். அந்தத் திசையில் அசைந்து பழக்கமில்லாத கழுத்து. சாயம் விரிசல்விட்டு இரண்டு பொருக்கு கீழே உதிர்ந்தது. ஜான் பீட்டர் மூன்றாம் தரம் சொன்னார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா தாத்தா" என்று ஜெபஷீலா சட்டத்தைக் கட்டிக்கொண்டாள். கேட்டால்தானே சொல்லுவார். எழுபது வருஷமாக அந்த வீட்டில் அவர் என்ன நினைப்பார் என்று எல்லாரும் அவருக்காக நினைத்துக்கொண்டார்களே தவிர, அவரை ஒருவரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அல்லிநகரத்தில் எந்தப் படத்தையும் முகம் பார்க்காமல் விற்பதில்லை. பெரும்பாலானவர்கள் உடனே சம்மதித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வீட்டில் அலுத்துப் போயிருப்பார்கள் போல. விஜய்ராஜ் மட்டும் இந்த வயதில் இது தேவையா, அதுவும் அங்கே போயா என்று போனில் குதித்தார், கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார், சொன்னபடியே வரவில்லை. ஆவணியில் ராயப்பன்பட்டி மாதா கோயிலில் கல்யாணம். பெண் வீட்டுப் பெரியவர் யார் என்று பங்குச் சாமியார் கேட்டபோது, ஜான் பீட்டரும் ஆட்டோக்காரரும் ஞானசிகாமணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலுக்கு நடத்தி வந்தார்கள். கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்வதுபோல அவர் கை உயர்ந்தது. திரும்பிப் போகச் சொல்கிறாரோ என்று ஜெபஷீலா எட்டிப் பார்த்தாள். அவர் தன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு வழுக்கை என்பது குடும்பத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது. சாமியார் தலைதாழ்த்தி, "வாங்கய்யா, முன்னால வாங்க" என்றார்.