தொட்டியில் நல்லெண்ணெய்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், புது தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் வசிப்பவரும், மத்திய அரசின் சார்புச் செயலரும், சுற்றறிக்கை எழுதுவதில் கரைகண்டவருமான திரு. வேணுகோபால் அவர்கள், வருகிற சனிக்கிழமை காலை தூங்குவதாகத் தீர்மானித்திருக்கிறார்.

தீர்மானம் உண்மையில் மனைவி வசுமதியுடையது. தூக்கம் போனதிலிருந்து வேணுவுக்குக் கை நீண்டுவிட்டது. முதலில் மிக்ஸி சுவரில் மோதிச் செத்தது. அடுத்து டி.வி. மேல்வீட்டுக்காரர் கட்டிலை இழுக்கிறார் என்று படியேறிப் போய், கதவை உதைத்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டு, "தொந்தரவுக்கு வருந்துகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். அன்றைக்கே வசுமதி பெட்டியை அடுக்கி வாசலோரம் வைத்துவிட்டாள்.

"இதுவரைக்கும் சாமானைத்தான் ஒடைச்சீங்க. மனுசன் மேல கை பட்டுச்சு, நான் திருச்சிக்குப் போயிடுவேன். அப்புறம் வரமாட்டேன்."

"தூங்கிட்டா எல்லாம் சரியாயிடும் வசு."

"அப்ப தூங்குங்க!"

அவளே விசாரித்து, அவளே ஆட்டோ பிடித்து, க்ரீன் பார்க்கில் ஒரு மாடிக்கு அழைத்துப்போனாள். உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீர்த்தொட்டி. மூடியைச் சாத்தினால் கும்மிருட்டு. உடம்பு தக்கையாய் மிதக்கும், தூக்கம் தானாக வரும். நடத்துகிறவன் ப்ரணவ் என்ற கொண்டை போட்ட வாலிபன். காவியுமில்லாமல் வெள்ளையுமில்லாமல் ஒரு நிறத்தில் ஜிப்பா. அங்கே வந்தால் அகங்காரம் கரைந்துபோகும் என்று இந்தியில் கிசுகிசுத்தான். ஒரு சார்புச் செயலரைக் கரைக்க எத்தனை மூட்டை உப்பு பிடிக்கும் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

உள்ளே சுவரில் பெரிய எழுத்தில் அறிவிப்பு இருந்தது: சவரம் செய்த அன்று இறங்க வேண்டாம், எண்ணெய் அறவே கூடாது. வேணு அதன் பக்கம் திரும்பவில்லை. அறிவிப்பு எழுதுவது அவர் வேலை. படிப்பது மற்றவர்கள் வேலை.

சனிக்கிழமை, வெந்நீர், உடம்புச் சூடு தணிய வேண்டும். இது எண்ணெய்க் குளியல் என்று ஒரு திருச்சிக்காரருக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? காலையிலேயே மழமழவென்று சவரம் செய்திருந்தார். பையிலிருந்த நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை அறைந்து தேய்த்தார். சீயக்காய்ப் பொடியைத் தொட்டியில் கொட்டிக் கலக்கினார். இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டார்.

முதலில் தாடை எரிந்தது. பிறகு கழுத்து. இதென்ன என்று உப்புக் கையால் முகத்தைத் துடைத்தார். இரண்டு கண்ணிலும் தீ வைத்த மாதிரி இருந்தது.

"ஐயோ! ஆசிட்! ஆசிட் ஊத்திட்டான்!"

மூடியை உதைத்தார். கீல் பெயர்ந்து அது தரையில் விழுந்து உடைந்தது. ஓடிவந்த ப்ரணவ், தன் ஸ்படிகத் தண்ணீர் பழுப்பு நுரையாய்ப் பொங்குவதைக் கண்டான். ஒரு வினாடியில் தியானம் கலைந்தது.

"அபே புட்டே! பானி பர்பாத் கர் தியா!" என்று, கிழவன் தண்ணீரையே பாழாக்கிவிட்டான் என்ற ஆத்திரத்தில் கத்திக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"கிழவனா? யாருடா கிழவன்?"

வேணு விட்ட அறையில் ப்ரணவின் கொண்டை அவிழ்ந்தது. அவன் திருப்பிக் குத்தியதில் வேணுவின் மூக்கு உடைந்து, மார்பு எண்ணெயில் ரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடியது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். வேணுவைப் பிடித்தால் நழுவினார். நழுவிய வேகத்தில் முழங்காலால் அவன் வயிற்றில் இடித்தார். அவன் அவர் காதைக் கடித்தான். ஊதுவத்தி நிதானமாகப் புகைந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வாசல் காவலாளி முத்து ஓடிவந்தான். தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, தில்லியின் கோடியிலிருக்கும் நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறவன். பின்னாலிருந்து வேணுவின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"சார், விடுங்க சார்! நானும் தமிழ்தான் சார்!"

"தமிழனா இருந்துகிட்டு அவனுக்கு சப்போர்ட்டா?"

மனம் அடங்குவதற்காகத் தட்டும் கனத்த பித்தளைக் கிண்ணம் ஒன்று அலமாரியில் இருந்தது. கண் திறக்க முடியாத வேணுவின் கைக்கு அதுதான் அகப்பட்டது. திரும்பி ஓங்கி அடித்தார். கிண்ணம் 'ஓம்' என்று நெடுநேரம் அதிர்ந்தது. முத்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தமும், உள்ளங்கையில் பல்லும் வந்தன.

வெளியே காத்திருந்த வசுமதி கதவருகே வந்து நின்றிருந்தாள். துப்பட்டாவால் முத்துவின் வாயை அழுத்தி, அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

மதியம் மாற்றுச் சட்டையோடு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தபோது, வேணு மரபெஞ்சில் எண்ணெய்த் தலையோடு மல்லாந்திருந்தார். கைதிகள் கூச்சல், வயர்லெஸ் இரைச்சல், எதுவும் அவரைத் தொடவில்லை. குறட்டை ஏறி இறங்கியது.

"வாஹ் மாதாஜி, க்யா நீந்த் ஹை!" என்ன தூக்கம் இது என்று பொறாமைப்பட்டார் ஏட்டு. "எழுப்பட்டுமா?" என்று சைகை காட்டினார்.

வசுமதி சட்டையை பெஞ்சின் நுனியில் வைத்தாள்.

"வேண்டாம். தூங்கட்டும்."

வேணுவுக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. வசுமதி திருச்சியில் இருக்கிறாள்.