ஹுஸைன் குறை சொல்லாத நாள்

அலவத்துகொடையில் ஹுஸைனுடைய சாப்பாட்டுக் கடையில் சாப்பிடாதவர்கள் இருக்கலாம். அவருடைய நாக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி மற்றவர்களோடு உட்கார்ந்து, முதல் பிடிச் சோற்றை வாயில் வைத்த கையோடு சொல்லிவிடுவார்: "கறுவாப்பட்டை கூடிப் போச்சு." வாசல் வரை வந்து வழியனுப்பும் வீட்டுக்காரரிடமும் அதையே இன்னொரு தரம் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

அவர் மனைவி றம்லத், கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு பழகிப்போயிற்று. ஆனால் தன் தம்பி வீட்டில் இனிப்புக்குக் கொடுத்த வட்டிலப்பத்தை அவர் ஒரு கரண்டியோடு தள்ளி வைத்ததை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து அவரோடு வெளியில் எங்கும் சாப்பிடப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஏதாவது ஒரு தலைவலி அந்தந்த நேரத்துக்கு வந்துவிடும்.

கொரோனா அடங்கிப்போன காலம். மகள் பஸீஹாவின் நிக்காஹ்வுக்குத் துணி எடுக்க இருவரும் கண்டிக்குப் போயிருந்தார்கள். துணிக்கடையில் நின்று நின்று றம்லத்துக்குக் கால் கடுத்தது. வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

"பசிக்கிதா?" என்று கேட்டார் ஹுஸைன்.

தலைவலி என்று சொல்ல வாயெடுத்தாள். உண்மையிலேயே பசித்தது. "புரியாணிக் கடைக்கா?"

"இல்ல, நூடில்ஸ் சாப்பிடுவோம். நல்ல எடம் ஒண்டு ஈக்கிது, ஹலால்தான்."

புரியாணியைத் தவிர மற்றதெல்லாம் வெறும் வயிறு நிரப்புவது என்று சொல்லித் திரிந்த மனிதர் இவர். றம்லத் பின்னால் நடந்தாள். செருப்புக் கடைக்கு மேலே, ஒடுங்கிய படிக்கட்டு ஏறிப் போனார்கள். சுவரில் சீனத்துக் கடதாசி விசிறிகள் தொங்கின. ஜன்னலோரக் கதிரையைத் தன் வீட்டுக் கதிரை போல இழுத்து அவர் உட்கார்ந்தார். பரிமாறும் பெண் கலஹா தேயிலைத் தோட்டத்துப் பக்கத்தவள், பேச்சிலேயே தெரிந்தது.

"வாங்க நானா. அதே சூப்பு நூடில்ஸ்தானே?"

றம்லத் கணவனைப் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்தார்.

பெரிய கிண்ணங்கள் வந்தன. தெளிந்த கோழிச் சாறு, அதற்குள் வெள்ளை அரிசி நூடில்ஸ், மேலே பயறு முளை, கொத்தமல்லித் தழை, மிதக்கும் மிளகாய் எண்ணெய். எலுமிச்சைப் புல்லின் மணம் ஆவியோடு முகத்தில் அடித்தது. கூட வந்த குச்சிகளை அவள் தொடவில்லை. முட்கரண்டியால் நூடில்ஸைத் தூக்கினால் அது வழுக்கி விழுந்து பர்தாவில் தெறித்தது. ஹுஸைன் சிரித்தார். அவரோ குனிந்து, கிண்ணத்துக்கு வாயைக் கொண்டுபோய், சத்தம் போட்டு உறிஞ்சினார்.

சாறு முதலில் சப்பென்றுதான் இருந்தது அவளுக்கு. நம்முடைய கறிபோல நாக்கில் ஏறி உட்காரவில்லை. இரண்டு மூன்று கரண்டி போன பிறகுதான் எலும்பின் இனிப்பும் தேசிக்காயின் புளிப்பும் ஒவ்வொன்றாக வந்தன. இது அவசரப்படாத சாப்பாடு என்று நினைத்தாள். ஆனாலும் முழு மனதோடு சாப்பிட முடியவில்லை. குறை எப்போது வரும் என்று காது காத்திருந்தது.

"நல்லா ஈக்கிது, என்ன?" என்றார் அவர்.

"உப்புக் கொறவு இல்லயா?"

"உப்பு சரி."

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் நல்லா ஈக்கிது."

வயது போகப் போக மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்தாள். இது புதிதும் அல்ல. வீட்டிலும் ஒரு வருடமாக அப்படித்தான். அவள் எதைச் சமைத்து வைத்தாலும், "நல்லம்" என்று ஒரு சொல்லோடு எழும்பிப் போவார். இத்தனை வருடம் கேட்காத அந்தச் சொல்லை அவள் ஒருவருக்கும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தாள். சில நாட்களில் அடுப்படியில் தனியாக நின்று அதை நினைத்துச் சிரித்ததும் உண்டு.

கடைசியில் இனிப்பு வந்தது. தேங்காய்ப்பாலில் ஊறிய சவ்வரிசி, அதோடு நோன்பு காலத்துக் கடற்பாசி போல நடுங்கும் கறுப்புத் துண்டுகள். ஹுஸைன் தன்னுடையதை ஒரே மூச்சில் பாதி முடித்துவிட்டார். றம்லத் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். கை அப்படியே நின்றது. தேங்காய்ப்பால் கெட்டுப்போயிருந்தது. அந்த வாடையைச் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

கையை நீட்டி அவருடைய கிண்ணத்தை இழுத்து முகர்ந்து பார்த்தாள். அதிலும் அதே வாடைதான்.

"இது எப்பிடி ஈக்கிது உங்களுக்கு?"

"நல்ல இனிப்பு. ஏன்?"

அவள் கிண்ணத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். ஹுஸைன் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கிப் போனது.

"பழுதாப் போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எப்பெயிருந்து?" என்றாள் றம்லத்.

"அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனதுக்குப் பொறகு. வாசம் ஒண்டும் வாறல்ல. இனிப்பு தெரியும், உப்பு தெரியும். கறுவா, ஏலம், ரம்பை, ஒண்டும் இல்ல. எல்லாம் செத்துப் போச்சு."

"கடையில எப்பிடி ஆக்கிறீங்க?"

"கை பழக்கத்தில போடுது. பொறகு அழகமுத்துக்கு ருசி பாக்கக் குடுத்துட்டு அவன்ட மொகத்தப் பாப்பன்."

அழகமுத்து கடையின் அடுப்படியில் நீண்ட காலமாக வேலை செய்பவன். அவன் கையில் முன்பெல்லாம் அவர் கரண்டியையே கொடுத்ததில்லை.

"டொக்டரிட்டப் போனீங்களா?"

"போனன். சில ஆக்களுக்குத் திரும்பி வருமாம். சில ஆக்களுக்கு வராதாம்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

ஹுஸைன் மேசையில் சிந்தியிருந்த சாற்றை விரலால் துடைத்தார். "ஊரெல்லாம் குத்தம் சொல்லித் திரிஞ்ச நாக்கு. இப்பிடி ஆகிட்டுது எண்டு தெரிஞ்சா, அல்லாஹ் குடுத்த தண்டன எண்டு சொல்லமாட்டாங்களா? எனக்கே சில நேரம் அப்பிடித்தான் தோணும்."

அவருக்காக அவள் மனம் இளகியது உண்மை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று குத்திக்கொண்டு கிடந்தது. அதைக் கேட்காமல் எழும்பினால் வாழ்நாளுக்கும் கேட்க முடியாது என்று பட்டது.

"அப்ப நான் ஆக்கினத நல்லம் நல்லம் எண்டு சொன்னதெல்லாம்?"

அவர் பொய் சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு ஒண்டும் தெரியல்ல, றம்லத். நீ ஆக்கினது நல்லாத்தான் ஈக்கும் எண்டு நெனச்சன். அதச் சொன்னன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே குடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போயின. ருசி தெரிந்த காலத்தில் ஒரு நாளும் நல்லம் என்று சொல்லாதவர், ருசி போன பிறகு தினமும் சொல்லியிருக்கிறார். அதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் இருந்தது. ஆனால் நல்லாத்தான் இருக்கும் என்று நினைத்ததாக அவர் கடைசியில் சொன்னதைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

"இஞ்ச ஏன் வாறீங்க?" என்று கேட்டாள், இன்னும் திரும்பாமல்.

"சோறு எனக்கு நனைஞ்ச பஞ்சு மாதிரி. இஞ்ச நூடில்ஸ் வாயில வழுக்கும். பயறு முளை நறுக்கெண்டு கடிபடும். மொளகா எண்ணெ எரியும். சூப்பு நெஞ்சு வரைக்கும் சூடா எறங்கும். சாப்பிடுற மாதிரி ஈக்கும்."

தன் கணவர் மழையிலும் வெயிலிலும் தனியாக இந்தப் படிக்கட்டு ஏறி, இந்தக் கதிரையில் குனிந்து உட்கார்ந்து, சூட்டையும் எரிவையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் காட்சி அவள் கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.

பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் காட்டினாள். அந்தப் பெண் முகர்ந்து பார்த்துப் பதறிப்போனாள். "ஐயோ, மன்னிச்சிருங்க! புதுசாப் பால் பிழிஞ்சி கொண்டாறேங்க."

புதியது வந்ததும் றம்லத் ஒரு கரண்டி சாப்பிட்டாள்.

"எப்பிடி ஈக்கிது?" என்றார் ஹுஸைன்.

"நல்லா ஈக்கிது."

"அப்பிடிச் சொன்னா? பால் கட்டியா, தண்ணியா? என்ன போட்டீக்கிது?"

"ரம்பை போட்டீக்கிது. கொஞ்சமா. சீனி இல்ல, கித்துள் பாணி."

"பாணி நல்லதா?"

அவள் இன்னொரு கரண்டி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்திருந்தாள். "லேசாப் புகை வாசம் வருது. கறுப்புத் துண்டுல ஒரு கசப்பு ஈக்கிது, மருந்துக் கசப்பு மாதிரி. ஆனா பாலோட சேரக்குள்ள நல்லம்."

"அப்ப அதச் சேத்துத்தான் சாப்பிடணும். தனியா எடுத்தாப் பிழை," என்றார் ஹுஸைன். தன் கிண்ணத்தில் இரண்டையும் சேர்த்து அள்ளி மெதுவாகச் சாப்பிட்டார்.

நிக்காஹ் சாப்பாட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார். "மகள்ட கல்யாணத்துக்கு நீங்கதான் ஆக்கணும். நான் பக்கத்துல நிக்கிறன்," என்றாள் றம்லத்.

அப்படியே நடந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டு, தனக்கு வாசம் தெரியாது என்று ஹுஸைன் தானே சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அழகமுத்து மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு அப்பவே தெரியுமுங்க மொதலாளி. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றான். ஆண்கள் மட்டும் நிற்கும் பெரிய அடுப்புகளுக்கு நடுவே றம்லத் முக்காட்டை இறுக்கிக்கொண்டு நின்று, ஒவ்வொரு சட்டியாக ருசி பார்த்துச் சொன்னாள். அவர் குனிந்து கேட்டுக் கேட்டுப் போட்டார். சில விருந்தாளிகள் அதை விசித்திரமாகப் பார்த்தார்கள். சாப்பிட்ட பிறகு அப்படிப் பார்க்கவில்லை.

வாசம் இன்னும் திரும்பி வரவில்லை. வீட்டில் இப்போது சோற்றுக்கு உட்கார்ந்தால் அவர் நல்லம் என்று சொல்வதில்லை. என்ன ருசி என்று அவளிடம் கேட்கிறார். அவளும் மறைக்காமல் சொல்கிறாள்.

"சம்பல் சரியா வரல்ல. தேங்காப்பூ முத்தலாப் போச்சு."

"அப்பிடியா?" என்று கேட்டுக்கொண்டு அவர் சாப்பிடுகிறார்.