நகம் மட்டும்தானா

டாக்டருக்கு லோர்னா தர வேண்டியது நானூற்றுப் பதினெட்டு டாலர். அவளுடைய நாயின் வயிற்றில் செய்த அறுவைக்கான பாக்கி. அவருடைய மிருக ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவுகிறவள் அவள்; சம்பளத்தில் பிடித்தும் தீரவில்லை.

பூனையின் நகத்தை எடுக்க நியூயார்க் மாநிலம் தடை போட்டதிலிருந்து, எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அன்று பூனைக் கூடையோடு வந்தவள் வெர்னிஸ்.

"மூவாயிரம் டாலர் சோபா, கண்ணு! அதுல உக்கார என் புருஷனே பயப்படுறாரு, இவன் ஏறிப் பிறாண்டுறான். வெறும் நகம் மட்டும்தானே எடுப்பாங்க? டாக்டரு காசுக்குப் பேசுவாரு. நீ சொல்லு."

எடுப்பது நகத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும். அந்தத் துண்டுகளைக் குப்பையில் கொட்டுபவள் லோர்னாதான். போன மாதம் ஒருவரிடம் அவள் உண்மையைச் சொல்ல, அவர் பூனையோடு திரும்பிப் போய்விட்டார். "இனி வர்றவங்கள கலைக்காம இரு, உன் பாக்கிய நான் பாத்துக்கறேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் கதவருகே நின்றார்.

"நகம் மட்டுந்தாங்க," என்றாள் லோர்னா.

மறுநாள் காலை, பூனை கழிக்கும் மண் புண்ணில் ஒட்டாதிருக்க, அதற்குப் பதிலாகச் செய்தித்தாளைக் கிழித்துக் கூண்டில் பரப்பினாள். பூனை கட்டுப்போட்ட முன்காலை ஊன்றியது, உடனே தூக்கிக்கொண்டது. மற்றதை ஊன்றியது, அதையும் தூக்கியது. பிறகு படுத்த இடத்திலேயே சிறுநீர் விட்டது.

டாக்டர் கணக்குப் புத்தகத்தோடு வந்தார்.

"நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டாம், லோர்னா."

"ரொம்ப நன்றி டாக்டர்."

அவள் பெயருக்கு நேரே அவர் ஒரு கோடு இழுத்தார்.