சகலையின் மரம்

மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் அவள். கையில் கணவனின் சின்னச் சவரக் கண்ணாடி. அதைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பின்னால் இருக்கும் மரமும், அதில் இரண்டு ஆள் உயரத்தில் இருந்த வட்டப் பொந்தும் தெரிந்தன. மரங்கொத்திக்கு மனித முகம் ஆகாது. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் வாயில் இரையை வைத்துக்கொண்டு கிளை கிளையாகத் தாவுமே தவிர, பொந்துக்குள் போகாது. முதுகைக் காட்டினால் ஆளையே மறந்துவிடும். இது யாரும் சொல்லித் தந்ததல்ல, அவளே கண்டுபிடித்த வழி. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

விடிந்து அதிக நேரம் ஆகவில்லை. கால்சட்டை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. கழுத்தில் ஓர் எறும்பு ஏறியது. அவள் அதைத் தட்டவில்லை. இந்தக் காட்டை வெட்டிவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் எந்தெந்தப் பறவை இங்கே குடும்பம் நடத்துகிறது என்று பார்த்து எழுதவேண்டும் என்பது சட்டம். கட்டுகிற கம்பெனி ஒரு சர்வே அலுவலகத்தைப் பிடித்தது, அலுவலகம் அவளைப் பிடித்தது. கூடு இருக்கிறது என்று எழுத, பறவை பாடினால் மட்டும் போதாது. வழிப்போக்கனும்தான் பாடுவான். பொந்துக்குள் இரை போவதைப் பார்க்கவேண்டும். அதைவிட உறுதியான சாட்சி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் காத்திருந்தாள்.

தலையில் சிவப்புப் பட்டையோடு ஆண் மரங்கொத்தி வந்து மரத்தில் ஒட்டியது. இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு உள்ளே நுழைந்தது. பொந்துக்குள் கிர்ரென்று ஒரே கூச்சல். திரும்பி வெளியே வந்தபோது அலகில் வெள்ளையாக ஓர் உருண்டை இருந்தது. குஞ்சுகளின் எச்சம். அவள் காத்திருந்த சாட்சி. அதைக் கவ்விக்கொண்டு தூரமாகப் பறந்துபோய்ப் போட்டது.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவன் மாடிக் கொடியில் குழந்தையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். மில்லை மூடிய பிறகு வீடு அவள் சம்பாத்தியத்தில்தான் ஓடுகிறது. கைக்குழந்தை அவன் பொறுப்பு. அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

"ஏங்க, அங்கயும் ஆம்பளதான் அள்ளுறான்," என்றாள்.

"எதை?"

"பிள்ளைங்க பீயைத்தான். பொம்பள பேசாம இரை தேடப் போயிட்டா."

அவன் துணியை அப்படியே விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப அவன் எனக்குச் சகலைல்ல!" என்றவன், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டான். "கேட்டீங்களாக்கா? காட்டுலயே இதான் வழக்கமாம்!"

"அது சரி, அவன் உன்னை மாதிரி தாடி வச்சிருக்கானா?"

"எப்படி வைப்பான்? என் கண்ணாடி அவன் வீட்டுலல்ல இருக்கு!"

அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் அவள் எழுதியதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மரங்கொத்தி சத்தம் கேட்டதுன்னு எழுதும்மா. பொந்து, குஞ்செல்லாம் எதுக்கு? கூடு இருக்குன்னா குஞ்சு பறக்குற வரைக்கும் அந்த மரத்தைத் தொட முடியாது. கம்பெனிக்காரங்க நம்ம மேலதான் பாய்வாங்க."

"குஞ்சைப் பாத்துட்டேன் சார்."

"பாத்தது உனக்கும் எனக்கும்தான் தெரியும். அடுத்த சைட்டுக்கு ஆளைப் போடுறது நான். அதை யோசிச்சியா?"

யோசிக்காமலா இருப்பாள்? வாடகை, பால், குழந்தைக்குப் போடவேண்டிய ஊசி எல்லாம் கண்முன்னால் வந்து போயின. ஆனால் கொட்டுகிற மழையிலும் கொசுக்கடியிலும் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள் அவள். அவள் இருக்கிறது என்று எழுதினால் இருக்கும், இல்லை என்று எழுதினால் இருக்காது. அந்தப் பேர் ஒன்றுதான் அவளுடைய சொத்து.

"பாத்ததைத்தான் சார் எழுதுவேன்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள்.

சாயங்காலம் அதைக் கேட்ட கணவன் கொஞ்ச நேரம் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். கவலை இல்லாமல் இல்லை. பிறகு, "நல்லதுதான் பண்ணே. சகலையைக் காட்டிக் குடுத்த காசுல எனக்குச் சோறு இறங்காது," என்றான். மறுநாள் தெருமுனை டீக்கடையில் அதையே கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னான் என்று அவள் காதுக்கு வந்தது.

மேனேஜர் சொன்னதைச் செய்தார். அடுத்த சைட்டுக்கு வேறு ஆள் போனான். போன் பக்கத்திலேயே இருந்தும் அவளுக்கு வேலை என்று ஓர் அழைப்பும் வரவில்லை. குழந்தைக்குப் பாலில் தண்ணீர் கொஞ்சம் கூடியது. ஒரு நாள் மேனேஜரே கூப்பிட்டார். குஞ்சுகள் பறக்கத் தொடங்கிவிட்டனவாம். கூடு காலி என்று, அதைப் பதிந்த ஆளே வந்து சொல்லவேண்டுமாம்.

இறங்க வேண்டிய நிறுத்தம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. காடு இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. சுற்றிலும் தகர வேலி. அந்தப் பக்கம் அடுக்கிய தடிகள், இந்தப் பக்கம் புல்டோசர். நட்டநடுவில் மஞ்சள் நாடா கட்டி ஒரே ஒரு மரம் மட்டும் நின்றது. அவள் எழுதிய மரம். சட்டம் அந்த ஒரு மரத்தைத்தான் காப்பாற்றும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தெரிந்திருப்பது வேறு, வந்து பார்ப்பது வேறு.

அந்த ஒரு மரத்தின் நிழலில்தான் வெட்டுகிற ஆட்கள் அத்தனை பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு டப்பாக்களும் தண்ணீர்க் குடமும் வேரோரத்தில் இருந்தன.

"வாம்மா, பறவைக்காரி," என்றார் ரம்பக்காரர். நரைத்த மீசையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. "உன் மரத்தை ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கோம். நேத்து ரெண்டு பறந்துடுச்சு. நாங்கள்லாம் கையே தட்டினோம்."

"வெட்டினாத்தானே உங்களுக்குக் கூலி?"

"ஆமா. அதுக்குன்னு பிள்ளைங்க இருக்குற வீட்டை இடிக்க முடியுமா?"

கம்பெனி சூப்பர்வைசர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ரெண்டு பறந்ததை எல்லாரும் பாத்துட்டாங்க. காலின்னு சொல்லிடும்மா. உங்க மேனேஜர்கிட்ட நானே பேசுறேன். அடுத்த சைட்டு உனக்குத்தான்."

அவள் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணாடியைச் சாய்த்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பொந்து வாசலில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள்.

"ஒண்ணுதானே!"

"ஒண்ணு இருந்தாலும் இருக்குதுதான் சார்."

சூப்பர்வைசர் ரம்பக்காரரைப் பார்த்தார். ரம்பக்காரர் தோளில் இருந்த இயந்திரத்தை இறக்கித் தரையில் வைத்தார். "அந்தம்மா சொல்லாம நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்து மறுபடியும் நிழலில் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் கணவனும் குழந்தையோடு கிளம்பிவிட்டான். சகலையைப் பார்க்காமல் விடமாட்டானாம். ஆட்கள் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். சாலைக்கு அப்பால் இருக்கும் தோப்பிலிருந்து ஆண் மரங்கொத்தி வெட்ட வெளியைத் தாண்டி, அலகில் இரையோடு பறந்து வந்தது. முன்பு நாலு மரம் தாண்டினால் இரை கிடைத்தது.

"அடேயப்பா, எவ்வளவு தூரத்துலேருந்து வர்றான்!" என்ற கணவன் குழந்தையைத் தூக்கிப் பிடித்தான். "பாத்துக்கடா குட்டி. இவ்வளவு பெரிய கம்பெனி, உங்கம்மா வாயைப் பாத்துக்கிட்டு நிக்குது!"

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி அவள் தலை நிமிர்ந்து நின்றதில்லை.

குஞ்சு அப்போதுதான் பறந்தது. பொந்தை விட்டு விழுவதுபோல விழுந்து, சிறகை அடித்து எழும்பியது. ஆட்கள் ஹோவென்று கத்திக் கைதட்டினார்கள். குஞ்சு ஒரு வட்டம் போட்டது. உட்கார இடம் தேடி இன்னொரு வட்டம் போட்டது. கடைசியில் தகர வேலியில் போய் ஒட்டி, சறுக்கி, மறுபடியும் ஒட்டிக்கொண்டது. பிறப்பில் வந்த பழக்கம் விடுமா? தகரத்தைக் கொத்தியது. டங் என்று சத்தம் வந்தது. மறுபடியும் கொத்தியது.

கைதட்டல் மெல்ல ஓய்ந்தது.

"இப்ப?" என்றார் சூப்பர்வைசர்.

ரம்பக்காரர் ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி, ஒரு கையில் டார்ச்சை அடித்துக்கொண்டு சவரக் கண்ணாடியைப் பொந்துக்குள் நீட்டினாள். அவசரப்படாமல் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அடியில் மரத்தூள் இருந்தது, ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன இறகு. கீழே எல்லோரும் அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் மட்டும் தலையைக் குனிந்து குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

இருப்பதை இருக்கிறது என்று சொன்னவள் அவள்.

"காலி," என்றாள்.

ரம்பக்காரர் மஞ்சள் நாடாவை அவிழ்த்துச் சுருட்டினார். மற்றவர்கள் எழுந்து, நிழலில் இருந்த சாப்பாட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் கொண்டுபோய் வைத்தார்கள்.