எட்டால் வகுத்த வாக்கு

சம்பந்தியின் தொழிற்சாலையில் தகடு வெட்டும் பழைய இயந்திரத்துக்கு நினைவு தப்பிவிட்டது. உள்ளே இருந்த பேட்டரி செத்ததும், அது சேர்த்து வைத்திருந்த வடிவங்கள் அத்தனையும் போய்விட்டன. நல்ல வேளையாக ஒரு கணினியில் நகல் இருந்தது. அதைப் பழைய கேபிள் வழியாகத் திரும்ப ஏற்ற வேண்டும்.

பழைய இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பெரியவரின் தொழில். அதோடு, இது அவர் மகளைக் கொடுத்த வீடு. முந்தின நாள் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார்: "சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் போதும், முழுசா ஏத்திடுவேன். மணி அடிச்சதும் உங்க ஆளுங்க வேலையத் தொடங்கலாம்."

பெரியவரின் குடும்பத்தில் சொன்ன நேரத்தை யாரும் தவறவிட்டதில்லை. அவருடைய அப்பா தவறவிட்டதில்லை. அவரும் அதுவரை தவறவிட்டதில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்பு மகள் வந்தாள். அங்கே எந்த இயந்திரம் எப்போது எதை வெட்டும் என்று திட்டம் போடுவது அவள்தான்.

"அப்பா, எதால வகுத்தீங்க?"

"எதால வகுப்பாங்க? கேபிள் வினாடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு பிட் அனுப்பும். எட்டு பிட் ஒரு பைட். ஆயிரத்து இருநூறு பைட் ஆச்சா? இருக்கறது இருபது லட்சம் பைட். இருபத்தெட்டு நிமிஷம்."

"இந்தக் கேபிளுக்குப் பத்தால வகுக்கணும்பா. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னாடி ஒரு பிட், பின்னாடி ஒரு பிட் ஒட்டிக்கிட்டு வரும். எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு மெஷினுக்குத் தெரியணுமில்ல?"

"துணைக்கு ஆள் வேறயா? கல்யாணப் பொண்ணா அது?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்பா."

பெரியவருக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. கேபிளுக்கு பிட், திரைக்கு பைட். ஒரு புத்தகத்தில் கிலோ என்றால் ஆயிரம், இன்னொன்றில் ஆயிரத்து இருபத்து நான்கு. ஒரே சரக்கை ஆளுக்கொரு படியால் அளக்கும் இந்தக் கூட்டத்தை எந்தச் சந்தையிலும் உள்ளே விடமாட்டார்கள். இதுவரை அவர் ஏற்றியதெல்லாம் சின்னச் சின்னக் கோப்புகள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். நேரம் பார்க்க வேண்டி வந்ததே இல்லை.

"மத்தியானத்துக்கு வேண்டியத மட்டும் பிரிச்சு முதல்ல அனுப்பிடலாம்பா. மிச்சத்த சாயங்காலம் ஏத்திக்கலாம்."

"முழுசான்னு சொன்னேன். முழுசாத்தான் போகும்."

மணி அடித்தது. ஆட்கள் சாப்பிடப் போனார்கள். பெரியவர் பொத்தானை அழுத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பாதி நேரத்தில் பாதியைத் தாண்டியிருக்க வேண்டும். திரை நாற்பத்து மூன்று சதவீதம் என்றது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேகத்தைக் கூட்டலாம் என்றால், கிழட்டு இயந்திரம் பாதியை விழுங்கிவிட்டு மீதியைக் கக்கும்.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏதாவது சொல்லித் தொலையேன்."

"நான் ஒண்ணுமே சொல்லலயேப்பா."

"அதத்தான் சொல்றேன்."

மறுபடி மணி அடித்தபோது திரையில் எண்பத்தாறு. ஆட்கள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். பின்னாலேயே சம்பந்தி வந்தார். திரையைப் பார்த்தார், பெரியவரின் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"இந்தக் கடிகாரம் எப்பவும் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடும், சம்பந்தி" என்றார். "போய் இன்னொரு டீ குடிச்சிட்டு வாங்கப்பா எல்லாரும்."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "அந்தக் கடிகாரத்தப் பார்த்துத்தான் காலையில எனக்கு லேட் மார்க் போட்டாங்க."

சிரிப்பு எழுந்தது. சம்பந்தி சிரிக்கவில்லை. பெரியவருக்குக் காது சுட்டது. அவர் மானத்தை மறைக்க சம்பந்தி பொய் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவும் தன் ஆட்கள் முன்னால். மகள் வாழும் வீட்டில் அந்தக் கடனை வைத்துவிட்டுப் போவதைவிட, இங்கேயே தலை குனிவது மேல்.

"கடிகாரம் சரியாத்தான் ஓடுது" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் கணக்குதான் தப்பு. நான் எட்டால வகுத்தேன். உங்க மருமக பத்தால வகுக்கணும்னு சொன்னா. நான் கேக்கல."

சம்பந்தி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டுல அவ கணக்குல யாரும் கை வைக்கறதில்ல" என்றார் பிறகு. "வெச்சப்பெல்லாம் பட்டிருக்கோம்."

ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். பெரியவர் உட்காரவில்லை. சொன்ன நேரத்தைத் தாண்டிய வேலைக்கு உட்கார்ந்து காத்திருப்பது அவர் வீட்டு வழக்கம் இல்லை. மகள் அந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரோடு நின்றாள்.

"இந்த ரெண்டு பிட்டையும் எங்கயாவது எழுதி வெச்சுத் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றார் அவர், அடங்கிய குரலில்.

"எழுதியிருக்குப்பா."

"எங்க?"

கேபிள் சொருகும் இடத்துக்கு மேலே, இயந்திரத்தின் மூடியில் ஒட்டியிருந்த தகட்டின் பக்கம் மகள் கை காட்டினாள். காலையில் அந்த மூடியைத் திறந்து, அதன் மேல்தான் அவர் தன் மேல்துண்டைப் போட்டிருந்தார்.

பெரியவர் துண்டை எடுத்தார். அதன் கீழே 'தொடக்க பிட் 1, முடிவு பிட் 1' என்று பொறித்திருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். திரை தொண்ணூற்று ஏழு என்றது.